அணுக்கள் நின்ற இடம்: சினைப்பைப் புற்றுநோயில் நோயெதிர்ப்பு அணுக்களும் வாழ்நாள் கணிப்பும்

திறவுச்சொற்கள்: சினைப்பைப் புற்றுநோய், டி அணுக்கள், வாழ்நாள் கணிப்பு, மருத்துவ வரலாறு

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் புதிய கண்டுபிடிப்புகளைக் கால வரிசையில் அடுக்குவர். சினைப்பைப் புற்றுநோயின் வரலாற்றிலோ பழைய காட்சி ஒன்றே மீண்டும் மீண்டும் வேறுபடப் பொருள்கொள்ளப்பட்டது. புற்றுக் கட்டிக்குள் வெள்ளணுக்கள் காணப்படுதலே அக்காட்சி. அவ்வணுக்கள் கட்டியின் எப்பகுதியில் நிற்கின்றன என்று கேட்டபோதுதான் அது நோயாளியின் வாழ்நாளோடு தொடர்புற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

செருமானிய நோய்க்குறியியலறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1863ஆம் ஆண்டிலேயே கட்டிகளில் வெள்ளணுக்களைக் கண்டார். நாட்பட்ட அழற்சியிலிருந்தே புற்று பிறக்கிறது என்பது அவர் கொண்ட பொருள். அவ்வகையில் அவ்வணுக்கள் நோயின் தோற்றுவாய்க்குச் சான்றாயின. 1950களின் இறுதியில் லூயிஸ் தாமஸும் பர்னெட்டும் இதற்கு நேர்மாறாக, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு புற்றணுக்களைக் கண்காணித்து அழிக்கிறது என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். தைமஸ் சுரப்பியற்ற எலிகளில் ஸ்டட்மேன் 1974இல் நிகழ்த்திய சோதனை அக்கோட்பாட்டைத் தளரச் செய்தது. 2001இல் ஷ்ரைபர் குழுவினரின் ஆய்வு அதற்கு மீண்டும் வலுவூட்டியது. இதற்கிடையில் 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் உருவாக்கிய மோனோகுளோனல் எதிர்ப்பொருள் நுட்பம், ஒரே தோற்றமுடைய வெள்ளணுக்களை வகை பிரித்து நிறமேற்ற வழி செய்தது. இக்கருவியின்றிப் பின்வரும் எந்த எண்ணிக்கையும் இயன்றிராது.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றறையில் பரவிய பின்னரே அறியப்படுகிறது. நோய்நிலை ஒன்று, அறுவை ஒன்று, பிளாட்டினம் மருந்தும் ஒன்று. எனினும் ஒருவர் விரைவில் இறக்க, மற்றொருவர் பல்லாண்டு வாழ்வது ஏன் என்ற வினாவிற்கு நோய்நிலைப் பகுப்பு முழு விடை தரவில்லை. இச்சூழலில்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லின் ஷாங், ஜார்ஜ் கூக்கோஸ் முதலியோரின் கட்டுரை 2003 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. முற்றிய நிலை நோயாளிகளின் 186 உறைநிலைத் திசுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். புற்றணுத் திட்டுகளுக்கு உள்ளே டி அணுக்கள் 102 திசுக்களில் இருந்தன. 72 திசுக்களில் இல்லை. எஞ்சிய 12 திசுக்களை மதிப்பிட இயலவில்லை. டி அணுக்கள் இருந்தோரில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 38.0 விழுக்காடு; இல்லாதோரில் 4.5 விழுக்காடு. அறுவைக்கும் வேதிச்சிகிச்சைக்கும் பின் நோய் முற்றும் மறைந்ததாகக் கருதப்பட்ட 74 பேரிடமும் இவ்வேறுபாடு நீடித்தது: 73.9 விழுக்காட்டிற்கு எதிராக 11.9 விழுக்காடு. டி அணுக்களற்ற கட்டிகளில் இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் காரணி மிகுந்திருந்தது.

திட்டின் உள்ளிடமும் அதைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் ஒன்றெனக் கொள்ளப்படாமையே இவ்வாய்வின் வலிமை எனலாம். வாயிலில் நிற்போரையும் இல்லத்துள் புகுந்தோரையும் ஒரே கணக்கில் சேர்த்திருப்பின் இவ்வேறுபாடு மங்கியிருக்கும்.

ஆனால் உள்ளே புகுந்தோர் யாவரும் துணைவரா? 2004இல் கியூரியல், ஸௌ முதலியோர் 104 நோயாளிகளை ஆராய்ந்து, நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்காற்று டி அணுக்களைப் புற்றே சிசிஎல்22 என்னும் வேதிச்செய்தியால் ஈர்க்கிறது என்றும், அவை மிகுந்தால் வாழ்நாள் குறைகிறது என்றும் காட்டினர். அடுத்த ஆண்டு சாட்டோ முதலியோர் 117 நோயாளிகளிடம், சிடி8 அணுக்களுக்கும் ஒழுங்காற்று அணுக்களுக்கும் உள்ள விகிதமே முதன்மையானது என்றனர்: விகிதம் மிகுந்தோரின் இடைநிலை வாழ்நாள் 58 மாதம், குறைந்தோரின் வாழ்நாள் 23 மாதம். 2009இல் கனடாவின் மில்னே, நெல்சன் முதலியோர், உயர்தரச் சீரப் புற்றில் ஒழுங்காற்று அணுக்களைச் சுட்டும் குறியே நல்ல விளைவோடு சேர்ந்து வருகிறது எனக் கண்டனர். இம்முரண்பாட்டை ஆய்வுப் பிழை என ஒதுக்குதல் பொருந்தாது; புற்றின் உட்பிரிவுகளைத் தனித்தனியே பிரித்து ஆராயாத பழக்கத்தையும் அது வெளிப்படுத்தியது.

அக்குறை 2017இல் பெரிதும் நீங்கியது. பன்னாட்டுக் கூட்டாய்வொன்று 5,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் திசுக்களை உட்பிரிவு வாரியாக ஆராய்ந்தது. உயர்தரச் சீரப் புற்றுடைய 3,196 பேரில், திட்டுக்குள் சிடி8 அணுக்கள் அறவே இல்லாதோரின் இடைநிலை வாழ்நாள் 2.8 ஆண்டுகள். அவ்வணுக்களின் எண்ணிக்கை கூடக்கூட அது 3.0, 3.8, 5.1 ஆண்டுகள் எனப் படிப்படியாக உயர்ந்தது.

கணிப்பவை குணப்படுத்தவும் கூடும் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுந்தது. டி அணுக்களின் தடையை அகற்றும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து, நோய் மீண்ட 376 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த அதன் முடிவில் கட்டி சுருங்கியோர் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரே. டி அணுக்களால் யார் நெடுநாள் வாழ்வர் என்பதைச் சொல்ல இயன்ற அளவிற்கு, அவற்றை ஏவிப் பிறரையும் வாழவைக்க இம்மருந்தால் இயலவில்லை.