பள்ளி வழிபாட்டிலிருந்து விலகிநிற்கும் உரிமை: செங்கல்பட்டுக் கரையிலிருந்து ஒரு வரலாறு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலுக்குச் சற்று வடக்கே கோவளம் அமைந்துள்ளது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் துறைமுகமாகவும் கோட்டையாகவும் விளங்கி, 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படையிடம் வீழ்ந்த இவ்வூரில், தமீமுல் அன்சாரியின் பெயரால் வழங்கும் தர்காவும், 1808இல் ஜான் டி மான்ட்டி என்னும் வணிகர் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயமும் உள்ளன. திருமணத் தடை நீங்க வேண்டித் திருவிடந்தைக்கு மாலையுடன் செல்பவரும், நேர்ச்சை செலுத்தத் தர்காவுக்குச் செல்பவரும் ஒரே சாலையில் நடந்தாலும், ஒருவருடைய தொழுகையில் மற்றவர் பங்குகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இக்கரையில் இருந்ததில்லை; தர்காவுக்குச் செல்லும் பிற மதத்தவரும் தம் விருப்பத்தின் பேரிலேயே செல்கின்றனர். பல மதத்துப் பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்தி, வருகைப் பதிவேட்டில் பெயர் குறித்து, ஒரே வேண்டுதலைக் கேட்கவோ சொல்லவோ வைத்தது 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பள்ளிக்கூடம்தான்.

அதற்கு முன்பும் முஸ்லிம் பிள்ளைகள் பிற மதத்தவருடன் படித்ததுண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டபோது ஆட்சியர்களுக்கு அனுப்பப்பட்ட படிவத்திலேயே பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார் என்னும் பத்திகளுக்கு அடுத்து முஸ்லிம் மாணவர்களுக்கும் தனிப் பத்தி இருந்தது. ஆயினும் மதக் கல்வி என்பது அவரவர் இடத்தில் தனியாகவே நடந்தது. மார்க்க ஆசிரியராகிய லெப்பை ஓதிக்கொடுக்கும் ஓதப்பள்ளியில் குர்ஆனும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழும் பயிற்றப்பட்டன. எண்ணும் எழுத்தும் கற்கத் திண்ணைப் பள்ளி வேறாக இருந்தது.

1837இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி, சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, நெல்லூர் ஆகிய ஊர்களில் கிளை விட்டது. செங்கல்பட்டில் இன்றும் இயங்கும் செயின்ட் கொலம்பாஸ் பள்ளி அந்த மரபில் வந்ததே. ஆங்கிலமும் கணிதமும் கற்பிப்பதோடு நாள்தோறும் விவிலிய வகுப்பு நடத்துவது இப்பள்ளிகளின் முறை. பின்னாளில் வில்லியம் மில்லரின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அதுவே நீடித்தது. 1841இல் ஆண்டர்சனின் இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது பெற்றோர்கள் திரளாகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். பின்னர் வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்ததால் மீண்டும் அனுப்பினர்.

இந்து வீட்டாரின் அச்சமும் முஸ்லிம் வீட்டாரின் தயக்கமும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் வேர் வேறு. இந்துப் பெற்றோர் அஞ்சியது மதமாற்றத்தை. மகன் விவிலியக் கதையைக் கேட்டுவிட்டு நெற்றியில் திருமண்ணோடு வீடு திரும்பினால் பலருக்கு அது போதுமானதாக இருந்தது. முஸ்லிமுக்கோ, விவிலியத்தின் மோசேயாகிய மூஸா நபியும் இயேசுவாகிய ஈசா நபியும் தன் மார்க்கத்தின் தூதர்களே. மூஸாவின் தௌராத்தும் ஈசாவின் இஞ்சீலும் இறைவனால் அருளப்பட்ட வேதங்கள் என்பது நம்பிக்கையின் ஒரு பகுதி. ஆகவே பாடத்தைக் கேட்பது தன்னளவில் குற்றமாகாது. இடர் எழுவது பாடம் முடிந்து வேண்டுதல் தொடங்கும் இடத்தில்: இயேசுவை இறைமகன் என விளித்து, அவர் பெயரால் வேண்டி, மண்டியிட்டு ஆமென் சொல்லும்போது, இறைவனுக்கு இணைவைத்தல் என்று பொருள்படும் ஷிர்க் நேர்கிறது என்பது மார்க்க அறிஞர் நிலை. உருவத்தின் முன் கைகூப்புவதும் அவ்வாறே. கேட்பதற்கும் வழிபடுவதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை அக்காலக் கல்வித் துறை கவனித்ததாகத் தெரியவில்லை.

அரசின் நிலை இருமுகம் கொண்டிருந்தது. 1846இல் ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளியில் விவிலியத்தைப் பாடநூலாக்க முனைந்தார்; அதற்கு எதிராகச் சென்னையில் கூட்டம் கூடி மனு எழுதப்பட்டது, 'கிரசென்ட்' இதழை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி எதிர்ப்புக்கு முன்னின்றார், மறு ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அத்திட்டத்தை மறுத்தனர். 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை அரசுப் பள்ளியில் மதபோதனை கூடாது என்றது. ஆனால் மானியம் பெறும் தனியார் பள்ளி தரும் மதபோதனையில் அரசு தலையிடாது என்றும் சொல்லிவிட்டது. தலையிடாமையே நடுநிலை என்று கொள்ளப்பட்டது. விளைவாக, ஊரில் இருக்கும் ஒரே ஆங்கிலப் பள்ளி மிஷன் பள்ளியாக இருந்துவிட்டால், அதற்கு மானியம் முஸ்லிம் குடியானவனின் வரியிலிருந்தும் சென்றது. அவன் பிள்ளைக்கோ விலகிநிற்க வழியில்லை. இதை நடுநிலை என்று சொல்வது கடினம்.

முஸ்லிம்களுக்கென்றே சில ஏற்பாடுகளும் இருந்தன. நவாப் குலாம் கவுஸ் கான் நிறுவிய மதரஸா-இ-ஆசம், நவாபின் மறைவுக்குப் பின் 1859இல் அரசின் கைக்கு வந்தது. மற்றொரு புறம், ஹாரிஸ் சீமாட்டியின் நன்கொடையைக் கொண்டு 1850களில் சர்ச் மிஷன் சங்கம் சென்னை முஸ்லிம் சிறுவர்களுக்காகவே ஹாரிஸ் பள்ளியை நடத்தியது. 1865 முதல் அதன் தலைமையாசிரியராக இருந்த எட்வர்ட் செல், இஸ்லாத்தை ஆழப் பயின்று 1880இல் அதைப் பற்றி நூல் எழுதியவர். இவ்விரண்டும் தலைநகரில் இருந்தவை. செங்கல்பட்டுக் கடற்கரை ஊர்களில் அத்தகைய தெரிவு இல்லாதபோது, விலகிநிற்பதற்கு இருந்த ஒரே முறை பள்ளிக்கே போகாதிருத்தல். 1871இல் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைக் குறித்துத் தீர்மானம் வெளியிட்டபோது, மொழியையும் வறுமையையும் போலவே வழிபாட்டுக் கட்டாயத்தையும் ஒரு காரணமாக எடைபோட்டிருக்க வேண்டும். பள்ளிக்கு வராமை பெரும்பாலும் முஸ்லிம்களின் பழமைப் பற்றாகவே எழுதப்பட்டது.

இங்கிலாந்திலேயே இதற்குத் தீர்வு கண்டிருந்தனர் என்பதுதான் விந்தை. 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளியின் மத வகுப்பையும் வழிபாட்டையும் நாளின் தொடக்கத்திலோ முடிவிலோ வைக்க வேண்டும், பெற்றோர் விரும்பினால் பிள்ளையை அந்நேரத்தில் விலக்கிக்கொள்ளலாம், அதனால் ஏனைய பாடம் எதையும் அவன் இழக்கக் கூடாது என்று விதித்தது. மனச்சான்று விதி எனப்படும் இவ்விதியைத் தம் நாட்டுக் கிறித்தவப் பிரிவினருக்கு வழங்கியவர்கள், இங்கே பிற மதத்தவருக்கு வழங்கவில்லை. மில்லரும் சையது மஹ்மூதும் உறுப்பினராக இருந்த 1882ஆம் ஆண்டு ஹண்டர் கல்விக் குழு, ஓர் ஊரில் ஒரு குறிப்பிட்ட கல்வி நிலைக்கு ஒரே பள்ளி இருந்து அங்கு மதபோதனை நடந்தால் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ள இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றதால்தான் 1910களில் அரசியல் தலைவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இவ்விதிக்காக மீண்டும் குரலெழுப்ப நேர்ந்தது.

காத்திருக்க விரும்பாதவர்கள் தமக்கென்று பள்ளி கட்டினர். 1892இல் இலங்கை முஸ்லிம் தலைவர் சித்தி லெப்பையின் முயற்சியாலும் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷாவின் ஊக்கத்தாலும் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி பிறந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1984இல் செங்கல்பட்டுப் பகுதியிலேயே வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியும் எழுந்தன.

1937இல் சிக்கலின் திசை, மிஷன் பள்ளியின் விவிலிய வழிபாட்டிலிருந்து அரசுப் பள்ளியின் பாடலுக்கு மாறியது. மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சி வந்ததும், சட்டமன்றத்திலும் பள்ளியிலும் வந்தே மாதரம் பாடுவது முஸ்லிம்களின் எதிர்ப்பைக் கிளப்பியது; நாட்டைத் தேவியாகப் போற்றும் பகுதிகளை விட்டு முதல் இரு கண்ணிகளை மட்டும் பாடலாம் என்று காங்கிரஸ் செயற்குழு அவ்வாண்டே முடிவெடுத்தது. முஸ்லிம் லீகின் 1938ஆம் ஆண்டுப் பீர்ப்பூர் அறிக்கை பள்ளி வழிபாடு பற்றிய முறையீடுகளைத் தொகுத்தது. அதில் கட்சி நோக்கம் கலந்திருந்ததை மறுக்க இயலாது, எனினும் முறையீடு முழுவதும் கற்பனையன்று. 1998இல் உத்தரப் பிரதேசப் பள்ளிகளில் சரஸ்வதி வந்தனம் விதிக்கப்பட்டபோது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ளுமாறு மௌலானா அபுல் ஹசன் அலி நத்வி கூறியது, செங்கல்பட்டு வட்டாரத்தில் நூறாண்டுகளுக்கு முன் அறிவிப்பின்றி நடந்த அதே விலகலைத்தான்.

அரசியலமைப்பு அவையில் சென்னை மாகாணத்தின் முகம்மது இஸ்மாயில் சாகிப், பெற்றோர் விரும்பினால் அரசுப் பள்ளியிலும் அவரவர் மதத்தைக் கற்பிக்க இடம் வேண்டும் என்று வாதிட்டார், அது ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்ட 28ஆம் உறுப்பின் மூன்றாம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும், அவரோ, வயது வராதவராயின் பாதுகாவலரோ இசைவு தராதவரை, மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ள வைக்கலாகாது என்கிறது. ஹண்டர் குழு ஒரே பள்ளி உள்ள ஊருக்கு மட்டும் கேட்டதை இது நாடு முழுமைக்கும் தந்ததோடு, பொறுப்பையும் இடம் மாற்றியது: பெற்றோர் மறுக்க வேண்டியதில்லை, பள்ளி கேட்டுப் பெற வேண்டும். 1986இல் கேரளத்து யெகோவா சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகளின் வழக்கில், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடாதிருப்பது அவமதிப்பன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2017இல் பள்ளிகளில் வந்தே மாதரம் பாடப் பணித்த சென்னை உயர் நீதிமன்ற ஆணை, பாட இயலாதவர் தக்க காரணம் காட்டினால் கட்டாயப்படுத்தக் கூடாது என்றபோது, காரணம் காட்டும் சுமை மீண்டும் மாணவர் தலையில் ஏறியது. கேந்திரிய வித்யாலயாக்களின் காலைப் பிரார்த்தனை பற்றிய வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இசைவு கேட்கும் கடமை பள்ளியுடையது என்று 1950 முதல் சட்டம் சொல்கிறது. பள்ளிச் சேர்க்கைப் படிவங்களில் மதம், சாதி, தாய்மொழி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. வழிபாட்டுக்குப் பாதுகாவலரின் இசைவைக் கேட்கும் கட்டத்தைக் காண்பது அரிது.