கடைசிப் பெட்டியில் ‘எக்ஸ்’ குறி ஏன்? ரயில் பயணத்தில் எழும் 10 கேள்விகளும் விடைகளும்

புதுடெல்லி: இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி மும்பையின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கி.மீ. தொலைவு ஓடியது. தென்னிந்தியாவில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் சேவை தொடங்கியது. அன்று முதல் இன்று வரை ரயிலில் செல்லும் ஒவ்வொருவரும் சன்னல் வழியே பல குறிகளையும் பலகைகளையும் பார்க்கின்றனர். அவற்றின் பொருளைக் கேட்டறிய வாய்ப்புக் கிடைப்பதில்லை. பெரும்பாலான குறிகளுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. பயணிகளுக்கு அடிக்கடி எழும் பத்துக் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுத்துத் தரப்பட்டுள்ளன.

1. நிலையப் பெயர்ப் பலகையில் கடல் மட்டம் குறிப்பிடப்படுவது ஏன்?

மஞ்சள் நிறப் பெயர்ப் பலகையின் அடியில், அந்த நிலையம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது என்பது எழுதப்பட்டிருக்கும். ரயில் பாதை அமைக்கும்போது எந்த இடத்தில் ஏற்றம், எந்த இடத்தில் இறக்கம் என்பதைக் கணக்கிட ஒரு பொது அளவுகோல் தேவை. அந்த அளவுகோல்தான் கடல் மட்டம். ஒரு நிலையம் 100 மீட்டர் உயரத்திலும் அடுத்தது 150 மீட்டர் உயரத்திலும் இருந்தால், ரயில் 50 மீட்டர் மேலேற வேண்டும். அதற்கேற்ற இழுவிசை எஞ்சினுக்குத் தேவை.

கடலின் நீர்மட்டம் நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் மாறும். எனவே பல ஆண்டுகள் அளந்து சராசரி காணப்பட்டது. மும்பை, கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், இன்று பாகிஸ்தானில் உள்ள கராச்சி உள்ளிட்ட ஒன்பது இடங்களில் பதிவான அலைமட்ட அளவுகளைக் கொண்டு 1909-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கான அடிப்படை மட்டம் வரையறுக்கப்பட்டது.

இந்த எண்களைக் கவனித்துவந்தால் பயணத்தின் ஏற்ற இறக்கம் புலப்படும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005-இல் சேர்க்கப்பட்ட நீலகிரி மலை ரயில், 46 கி.மீ. தொலைவுக்குள் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. டார்ஜிலிங் மலைப் பாதையிலுள்ள கூம் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது.

2. தண்டவாளத்தைச் சுற்றி ஜல்லிக் கற்கள் கொட்டப்படுவது ஏன்?

ரயிலின் எடை சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்கும், அதிலிருந்து சிலீப்பர் கட்டைகளுக்கும், பின்னர் ஜல்லிக்கும் இறங்குகிறது. ஜல்லிப் படுகை அந்தப் பாரத்தைப் பரவலாக்கி மண்ணுக்குக் கடத்துகிறது. இல்லாவிட்டால் கட்டைகள் மண்ணில் புதைந்து, பாதை மேடும் பள்ளமுமாகிவிடும்.

இந்தக் கற்கள் பெரும்பாலும் 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையிலான அளவில், கூரிய முனைகளுடன் உடைக்கப்பட்டவை. ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் உருண்டையாக இருப்பதால் அதிர்வில் நழுவி ஓடும். கூரிய முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். மழைநீர் தேங்காமல் வடிந்து செல்வதற்கும், செடிகொடிகள் எளிதில் முளைக்காமல் இருப்பதற்கும் இவையே காரணம். தண்டவாளத்தின் மீது கல்லை எடுத்து வைப்பது ரயிலைத் தடம்புரளச் செய்யக்கூடிய கடுமையான குற்றமாகும்.

3. தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடப்படுகிறதா?

வெப்பத்தில் எஃகு விரிவடையும். 13 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டவாளம், வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். இதற்காகவே முற்காலத்தில் இரு தண்டவாளங்கள் சேருமிடத்தில் சிறு இடைவெளி விடப்பட்டது. சக்கரம் அந்த இடைவெளியைக் கடக்கும் ஓசைதான் பழைய பயணங்களில் கேட்ட ‘தடக் தடக்’ சத்தம்.

இப்போது முதன்மைப் பாதைகளில் தண்டவாளங்கள் நீண்ட தொலைவுக்குப் பற்றவைக்கப்படுகின்றன. கட்டுப்பாடின்றி விட்டால் 1 கி.மீ. தண்டவாளம் அதே 40 டிகிரி உயர்வில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டுவிடும். கனமான கான்கிரீட் கட்டைகளும், இறுகப் பிடிக்கும் கொக்கிகளும், ஜல்லிப் படுகையும் அதை நீளவிடாமல் தடுக்கின்றன. பற்றவைக்கப்பட்ட பகுதியின் இரு முனைகளில் மட்டும் சிறப்பு விரிவு இணைப்புகள் பொருத்தப்படுகின்றன.

தடுக்கப்பட்ட அந்த விசை எஃகுக்குள்ளேயே தங்கியிருக்கும். ஜல்லி குறைந்த இடத்தில் கோடை வெயிலில் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடக்கூடும். குளிர்காலத்தில் இதற்கு எதிராக, சுருங்கும் எஃகில் விரிசல் விழலாம். ஆகவேதான் வெயில் உச்சத்தில் இருக்கும் பகலிலும், குளிர்கால இரவுகளிலும் பராமரிப்புப் பணியாளர்கள் பாதையில் நடந்தே ரோந்து செல்கின்றனர்.

4. தண்டவாளம் துருப்பிடிக்காதா?

தண்டவாளம் துருவே பிடிக்காத சிறப்பு எஃகால் ஆனது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. பக்கவாட்டில் பார்த்தால் தண்டவாளம் பழுப்பு நிறத் துருவுடன் இருப்பதைக் காணலாம். மேற்பரப்பில் மட்டும் சக்கரங்கள் இடைவிடாது உரசிச் செல்வதால் துரு தங்குவதில்லை. ரயில்கள் ஓடாமல் சில நாட்கள் விடப்பட்டால் மேற்பரப்பிலும் துரு படியும். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இந்த அரிப்பு மேலும் விரைவாக நிகழ்கிறது.

5. கடைசிப் பெட்டியில் ‘எக்ஸ்’ குறி இருப்பது ஏன்?

கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் பெரிய ‘எக்ஸ்’ குறியோ, ‘எல்வி’ என்ற எழுத்துகள் கொண்ட சிறு பலகையோ காணப்படும். ‘எல்வி’ என்பது ‘கடைசி வாகனம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இரவில் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும்.

ரயில் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரு நிலையங்களுக்கு இடையிலான ஒரு பகுதிக்குள் முன்சென்ற ரயில் முழுமையாக வெளியேறிய பின்னரே அடுத்த ரயிலுக்கு அனுமதி வழங்கப்படும். எஞ்சின் வந்துவிட்டது என்பதால் முழு ரயிலும் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இணைப்பு அறுந்து, சில பெட்டிகள் நடுவழியில் நின்றிருக்கலாம். பின்னால் வரும் ரயில் அவற்றின் மீது மோதினால் பேரிழப்பு ஏற்படும்.

எனவே ரயில் கடந்து செல்லும்போது நிலையப் பணியாளர்கள் கடைசிப் பெட்டியின் குறியைப் பார்த்து உறுதிசெய்கின்றனர். குறி தென்படாவிட்டால், பாதை காலியாகவில்லை என்றே கருதப்படும். அடுத்த ரயில் அப்பகுதிக்குள் அனுமதிக்கப்படாது. அருகிலுள்ள நிலையங்களுக்கு உடனே தகவல் செல்லும்.

தற்போது பல பாதைகளில் அச்சு எண்ணும் கருவிகள் இந்தப் பணியைத் தானாகவே செய்கின்றன. ஒரு பகுதிக்குள் நுழைந்த சக்கர அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியேறிய எண்ணிக்கையும் சமமானால்தான் பாதை காலி என அறிவிக்கப்படும். ஆயினும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வழக்கம் தொடர்கிறது.

6. அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில் எவ்வாறு நிற்கிறது?

ரயிலின் முன் முனையிலிருந்து பின் முனை வரை ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் காற்றழுத்தம் முழுமையாக இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். சங்கிலியை இழுத்ததும் ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறுகிறது. ஓட்டுநரின் அறையில் அழுத்தக் குறைவு தெரியவந்ததும் அவர் ரயிலை நிறுத்துகிறார். காற்று வெளியேறும் ஓசையையும், பெட்டியில் உள்ள அடையாளத்தையும் கொண்டு எந்தப் பெட்டியில் சங்கிலி இழுக்கப்பட்டது என்பதைப் பணியாளர்கள் கண்டறிகின்றனர்.

இந்த அமைப்பில் ஒரு பெரும் நன்மை உண்டு. பெட்டிகள் நடுவில் பிரிந்தால் குழாயும் அறுபட்டுக் காற்று வெளியேறும். அப்போது இரு பகுதிகளிலும் பிரேக் தானாகவே பிடித்துவிடும். கோளாறு நேர்ந்தால் ரயில் நிற்க வேண்டுமேயன்றி ஓடக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

உயிருக்கு ஆபத்து, தீ, பயணி தவறி விழுதல் போன்ற நிலைகளுக்காகவே சங்கிலி வைக்கப்பட்டுள்ளது. தக்க காரணமின்றி இழுத்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒரு ரயில் நின்றால், பின்னால் வரும் ரயில்களும் தாமதமாகும்.

7. ஆளைக் கண்டதும் ரயிலை ஏன் நிறுத்த முடிவதில்லை?

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. குறைந்த ஆற்றலில் பெரும் பாரத்தை இழுக்க இது உதவுகிறது. ஆனால் நிறுத்தும்போது இதுவே தடையாகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில், அவசர பிரேக் போட்ட பின்னரும் பல நூறு மீட்டர் சென்றே நிற்கும். வேகம், பாரம், சரிவு, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து அது ஒரு கிலோமீட்டரையும் எட்டலாம்.

அந்த வேகத்தில் ரயில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் பாய்கிறது. இரட்டைப் பாதையைக் குறுக்கே கடக்க ஒருவருக்கு 8 நொடிகள் ஆகும் எனக் கொண்டால், அதற்குள் ரயில் 220 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். பெரிய உருவம் நேர் எதிரே வரும்போது அதன் வேகம் கண்ணுக்குக் குறைவாகவே தோன்றும். ஒரு ரயில் சென்றதும் உடனே கடப்பவர்கள், மறு பாதையில் வரும் ரயிலைக் காணத் தவறுகின்றனர். மேம்பாலம் அல்லது சுரங்க நடைபாதையைப் பயன்படுத்துவதே ஒரே பாதுகாப்பான வழி. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமுமாகும்.

8. மின்கம்பியில் அமரும் பறவைக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்?

இந்திய ரயில்வேயின் மின்பாதைகளில் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. மின்சாரம் பாய, அழுத்த வேறுபாடு கொண்ட இரு புள்ளிகள் தேவை. பறவையின் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே பறவை கம்பியையும், நிலத்தோடு இணைந்த இரும்புக் கம்பத்தையும் ஒருசேரத் தொட்டால் உயிரிழக்கும்.

பெட்டியின் கூரையில் ஏறும் மனிதரின் நிலை பறவையின் நிலையன்று. அவர் சக்கரம், தண்டவாளம் வழியே நிலத்தோடு தொடர்பில் இருக்கிறார். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்ற எண்ணமும் தவறு. மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றைக் கடந்து உடலில் பாய்ந்துவிடும். மின்கம்பியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. நின்றிருக்கும் சரக்கு ரயிலின் மீது ஏறித் தற்படம் எடுக்க முயல்வோர் கருகி விழுவது இதனால்தான். ரயில் ஓடாத நேரத்திலும் கம்பியில் மின்சாரம் இருக்கும். செல்ஃபி குச்சி, நீண்ட இரும்புக் கம்பி, கொடிக்கம்பம் ஆகியவற்றை உயர்த்திப் பிடிப்பதும் உயிருக்கு ஆபத்தானது.

9. தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்தால் ‘ஷாக்’ அடிக்காதா?

எஞ்சின் எடுத்துக்கொண்ட மின்சாரம் மின்சுற்றை நிறைவு செய்யத் தண்டவாளத்தின் வழியாகவும் திரும்புகிறது. ஆயினும் தண்டவாளம் நிலத்தோடு தொடர்பில் இருப்பதால் அதன் அழுத்தம் நிலத்தின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். எனவே இயல்பான நிலையில் அதிர்ச்சி ஏற்படுவதில்லை. ஆனால் மேலிருந்து அறுந்து தொங்கும் கம்பி எதையும் நெருங்கக் கூடாது. அதில் மின்சாரம் இருப்பதாகவே கருத வேண்டும்.

10. ரயில் எண்களில் ஐந்து இலக்கங்கள் ஏன்?

ரயில்களின் எண்ணிக்கை பெருகியதால், 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 20 முதல் ஐந்து இலக்க எண்கள் நடைமுறைக்கு வந்தன. முதல் இலக்கம் ரயிலின் வகையைக் குறிக்கும். 1, 2 ஆகியவை நீண்டதூர ரயில்களையும், 0 சிறப்பு ரயில்களையும் சுட்டும். போகும் ரயிலுக்கும் திரும்பும் ரயிலுக்கும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் தரப்படும். சென்னையிலிருந்து புதுடெல்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 12621. திரும்பி வருவது 12622. முன்பதிவின்போது எண்ணைச் சரிபார்க்காவிட்டால் எதிர்த்திசை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு.

பயணிகள் நினைவில் கொள்ள வேண்டியவை:

* பயணத்தின்போது உதவி, புகார், பாதுகாப்பு, மருத்துவத் தேவை ஆகியவற்றுக்கு 139 என்ற எண்ணை அழைக்கலாம்.
* பெட்டியில் புகை அல்லது தீ தென்பட்டால் தயங்காமல் சங்கிலியை இழுக்கலாம், அது குற்றமாகாது.
* நிலையத்தையோ கடவுப் பாதையையோ கடக்கும் ரயிலில் தொங்கும் பொருள், சக்கரத்தில் புகை போன்றவற்றைக் கண்டால் நிலையப் பணியாளரிடமோ கேட்மேனிடமோ உடனே தெரிவிக்க வேண்டும்.
* கடவுப் பாதையில் கேட் மூடப்பட்ட பின்னர் குனிந்தோ வாகனத்தைச் சாய்த்தோ நுழையக் கூடாது.