எங்கள் ஊருக்குத் தையல் மெஷின் வந்த கதை

கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவி அக்கா கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது தையல்தான், அதோட வரலாற்றையே எழுதுறேன்னு சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் போன கோடையில் என் நாத்தனார் மகள் கேட்ட ஒரு கேள்வி.

அவளுக்குப் பதினாறு வயசு. பத்தாவதில் கணக்கில் மட்டும் போய்விட்டது. துணைத்தேர்வு எழுதச் சொல்லி நாங்கள் சொன்னோம். அவள் அப்பாவோ, மில்லுக்கு ஆள் எடுக்கிற வேன் வருது, ஹாஸ்டலில் தங்கி மூணு வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை கையில் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற நமக்கு அந்தக் கணக்கு எப்படி முடியும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "ரெண்டு மாசம் எங்கிட்ட விடுங்கண்ணே, தையல் பழக்குறேன்"னு கேட்டுக் கூட்டிவந்தேன்.

முதல் நாள் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தை, கை ஊசிக்குக் காது பின்னாடி இருக்கு. இதுக்கு மட்டும் ஏன் முனையில இருக்கு?" என்றாள். இருபது வருஷமா தைக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தேடிப் படித்தேன்.

கையால் தைக்கும்போது ஊசி முழுசாகத் துணிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும். மெஷினில் ஊசியின் தலையை இரும்பு பிடித்திருக்கிறது, அது முழுசாக இறங்க முடியாது. முனை மட்டும்தான் கீழே போகும். நூலும் கூடவே போகணும் என்றால் காது முனையில்தான் இருக்க வேண்டும். கீழே போன நூலை ஷட்டில் பிடித்து பாபின் நூலோடு பூட்டுகிறது. இப்படி முனையில் காது வைத்த ஊசியும் இரண்டு நூல் பூட்டுத் தையலும் சேர்ந்த மெஷினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் உரிமம் வாங்கினார். அதற்கு முன்பே 1830-ல் பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் ஒரு மெஷின் செய்து உரிமம் வாங்கியிருக்கிறார். பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கிற அவருடைய பட்டறைக்குள், தங்கள் பிழைப்பு போய்விடும் என்று மற்ற தையல்காரர்கள் புகுந்து மெஷின்களை உடைத்துப்போட்டார்கள்.

ஐசக் சிங்கர் 1851-ல் உரிமம் வாங்கினார். அவருடைய கம்பெனி செய்த பெரிய வேலை, என் கணக்கில், மெஷின் இல்லை, தவணைதான். 1856-லிருந்து கொஞ்சம் பணம் கட்டி மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போய் மாதாமாதம் மீதியைக் கட்டலாம் என்று வைத்தார்கள். மொத்தப் பணம் இல்லாத வீட்டுக்குள்ளும் மெஷின் நுழைந்தது அப்படித்தான். நம் குழுக் கடனை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பக்கத்து விஷயம் ஒன்றும் உண்டு. 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன காந்தி, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். (சிங்கர் கதையைப் படித்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பல குடும்பம், இருபதுக்கும் மேல் பிள்ளைகள்!) அந்த ராமச்சந்திரன்தான் 1947-ல் டாக்டர் சௌந்திரம் அம்மாவோடு சேர்ந்து நம் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். என் அப்பத்தா கடைசிவரை ரவிக்கை போடவில்லை. அம்மா காலத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தையல்கடை வந்தது. உஷா மெஷின், கருப்பு, தங்க எழுத்து. தைத்தவர் ஆம்பளை. பொம்பளைகளுக்கு அதில் வேலை இல்லையா என்றால், இருந்தது. தீபாவளி, பொங்கலுக்கு மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு ரவிக்கை வரும். அம்மாவும் பெரியம்மாவும் ராத்திரி விளக்கு வைத்து ஹெம்மிங் அடிப்பார்கள், ஊக்கு வைப்பார்கள், காஜா எடுப்பார்கள். ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு என்று காசு. மெஷினில் உட்கார ஒருநாளும் விட்டதில்லை. அம்மா ஒருதடவை, வெட்டுறது எப்படின்னு காட்டுங்கண்ணே என்று கேட்டாராம். "அது உனக்கு எதுக்குத் தாயி" என்று சிரித்துவிட்டாராம். துணி வெட்டும் நேரத்தில் யாராவது போய் நின்றால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவார் என்று அம்மா இப்போதும் சொல்வார்.

1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் குழுக்கள் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. எங்கள் ஊரில் குழு வந்தபின் கடன் வாங்கி நாலு பேர் மெஷின் எடுத்தோம். அதில் இரண்டு மெஷின் டிவி வைக்கிற மேசையாகிவிட்டது. ஏனென்றால் மெஷின் வாங்கக் கடன் கிடைத்த மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து பழக்க ஆள் கிடைக்கவில்லை. நானே பழைய ரவிக்கையைத் தையல் பிரித்து, பேப்பரில் வைத்து வரைந்து, கெடுத்துக் கெடுத்துத்தான் வெட்டக் கற்றேன். 2020-ல் கொரோனாவுக்கு மாஸ்க் தைக்கும்போதுதான் அந்த இரண்டு மெஷினும் திரும்ப ஓடின.

அதனால் இந்தப் பிள்ளைக்கு நிதானமாகப் பழக்கினேன். மூன்று நாள் நூலே கோர்க்கவில்லை. பெல்ட்டை மாட்டி, ஊசியைக் கழற்றிவிட்டு, மிதிக்க மட்டும் விட்டேன். சக்கரத்தைக் கையால் தன் பக்கமாகத் தள்ளிவிட்டு, பிறகு குதிகால், முன்கால் என்று மாற்றி அழுத்த வேண்டும். சக்கரம் பின்னால் திரும்பினால் நூல் அறும். "அத்தை, எனக்கு வராது" என்று இரண்டாம் நாளே அழுதாள். நாலாம் நாள் கோடு போட்ட நோட்டுத் தாளில் நூலில்லாமல் ஓட்டினாள். கோட்டிலேயே ஓட்டை விழணும். அதற்கப்புறம்தான் காடாத்துணி.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியது. எல்லோரும் செய்வது போல பாபினைக் குடைந்தாள். கீழே கூடு கட்டினால் பெரும்பாலும் தப்பு மேலேதான் என்று காட்டினேன், மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. இன்னொரு நாள் தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசியின் தட்டைப் பக்கத்தை மாற்றிப் போட்டிருந்தாள். திட்டவில்லை, நானும் போட்டவள்தான். தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கம் பிடித்துக்கொள்வது, மூலையில் திரும்பும்போது ஊசியைத் துணிக்குள்ளேயே விட்டுவிட்டு ஃபுட்டைத் தூக்குவது, இதெல்லாம் தலையணை உறை தைத்ததிலேயே வந்துவிட்டது.

வெட்டுவதற்கு வந்தபோதுதான் எனக்குப் பயம். டேப்பைக் கையில் கொடுத்து, மார்பளவு 34, அதில் நாலில் ஒரு பாகம் எவ்வளவு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கணக்கு என்றாலே அப்படி. டேப்பை இரண்டாக மடி, மறுபடி மடி என்றேன். மடித்துப் பார்த்து, "எட்டரை" என்றாள். இதோடு தையலுக்கு விடுவதைச் சேர்க்கணும் என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க வீட்டில் இருந்தவர்கள் எல்லோரையும் அளந்து நாலால் வகுத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். ஒரு கை பொருந்தவே இல்லை. அரை மீட்டர் லைனிங் துணி போனது. அதை அந்த மாசச் சேமிப்புக் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

துணைத்தேர்வு எழுதிவிட்டாள். முடிவு வரவில்லை. வேன் வந்த அன்று அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, அவள் மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார், எதுவும் சொல்லவில்லை. வேன் அவளை விட்டுவிட்டுத்தான் போனது.

இந்த மலர் வெளியீட்டு விழாவுக்கு நான் போடப்போகிற ரவிக்கை அவள் அளவெடுத்தது. துணியைத் தரையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா பாத்துக்கங்க அம்மாச்சி" என்று சொல்லிவிட்டு வெட்டினாள்.