கடை மாடி ஒழுகுதா? பூச்சு போதுமா, தளத்தையே இடிக்கணுமா? கண்டுபிடிக்க எளிய வழி!

வடகிழக்கு பருவமழை வந்துவிட்டால் பஜார் தெருக்களில் ஒரு காட்சி கட்டாயம். கல்லாவுக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட், கடை நடுவிலே பக்கெட், "மழை விடட்டும், பார்த்துக்கலாம்" என்று ஒரு பேச்சு. மழை விட்டதும் பக்கெட்டோடு பேச்சும் காணாமல் போயிடும். இப்படியே நாலைந்து வருஷம் ஓடினால், ஒருநாள் மேலே இருந்து விழுவது தண்ணீராக இருக்காது... கான்கிரீட் பாளமாக இருக்கும்! கீழே நிற்பது கடைப் பையனோ, சாமான் வாங்க வந்தவரோ, யார் கண்டது?

கடை, லாட்ஜ், ஓட்டல், குடோன் என்று நம்ம ஊர் வணிகக் கட்டிடங்கள் பலவும் கான்கிரீட் மொட்டை மாடிதான். அது கெட்டுப் போவதற்கு முன் அடையாளம் காட்டாமல் இருக்காது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதலில் மாடிக்கு போங்க

மழை விட்டு 2 நாள் ஆகியும் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறதா? முதலில் மழைநீர் குழாய் வாயை பாருங்கள். இலையும் பாலிதீன் பையும் அடைத்திருக்கும். அடைப்பு இல்லை என்றால் வாட்டம் சரியில்லை. 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 1 அங்குலம் தண்ணீர் நின்றாலே சுமார் 2,350 லிட்டர். அதாவது இரண்டேகால் டன்னுக்கு மேல் பாரம்!

தட்டோடுகளை தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் ஓடு பிடிப்பு விட்டுவிட்டது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, விளம்பர போர்டுக்கும் ஏ.சி. ஸ்டாண்டுக்கும் போல்ட் அடித்த இடம், இவைதான் தண்ணீர் இறங்கும் வாசல். அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்கணும். மேலே மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும்.

ஒன்றை மறக்காதீங்க. கீழே சொட்டும் இடமும் மேலே ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கணும் என்று இல்லை. மழையே இல்லாத மாதத்திலும் ஈரம் காயவில்லை என்றால் தளத்தை குறை சொல்லாதீங்க. தண்ணீர் தொட்டி குழாயையோ பாத்ரூம் குழாயையோ பாருங்க.

கீழே வந்து அண்ணாந்து பாருங்க

மஞ்சள் வட்டம், பெயின்ட் உப்பல், வெள்ளையாக உப்பு பூப்பது, இதெல்லாம் தண்ணீர் இறங்குகிறது என்பதற்கு அடையாளம்.

செம்பழுப்பு கறை, கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக விரிசல், இது வேறு கதை. உள்ளே கம்பி துரு பிடித்துவிட்டது. துரு பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். அந்த உப்பல்தான் கான்கிரீட்டை பெயர்த்து தள்ளுகிறது. அதன் மேல் சிமெண்ட் பூசி பெயின்ட் அடிப்பது புண்ணை மூடி வைப்பது போலத்தான். மாடி மேல் தகர ஷெட் போட்டால் மழை நிற்கும், உள்ளே அரித்த கம்பி திரும்ப வராது.

பால்ஸ் சீலிங் போட்ட கடைகளில் இது எதுவுமே கண்ணில் படாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பலகையை கழற்றி டார்ச் அடித்து பாருங்கள்.

எதுக்கு எந்த வைத்தியம்?

* ஓரிரு இடத்தில் விரிசல், ஒழுகல்: அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

* மாடி முழுக்க ஓடு பெயர்ந்து, பல இடத்தில் ஒழுகல்: ஓட்டையும் அடியில் உள்ள சுருக்கியையும் பெயர்த்துவிட்டு புதுசாக போடணும். பழசு மேலேயே புதுசு போடாதீங்க. 1,000 சதுர அடியில் 3 அங்குல சுருக்கி போட்டாலே பாரம் 10 டன்னை தாண்டும்.

* சில இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது: தளர்ந்த கான்கிரீட்டை உடைத்து, துருவை சுரண்டி, துரு தடுப்பு பூச்சு அடித்து, அதற்குரிய கலவையால் அடைக்கணும். தினக்கூலிக்கு ஆள் பிடித்து முடிக்கிற வேலை இல்லை.

* கம்பி பரவலாக இளைத்துவிட்டது, தளம் தொய்ந்துவிட்டது, பீமில் விரிசல்: உடனே அந்த இடத்தில் ஆளை நிறுத்தாதீங்க. மேலே உள்ள பாரத்தை இறக்கி, முட்டு கொடுத்து, கட்டமைப்பு இன்ஜினீயரை கூப்பிடுங்க. இடிக்கணுமா என்று அவர்தான் சொல்லணும்.

மரக்கட்டை அடுக்கி செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டிடம் என்றால், கட்டை சுவருக்குள் போகும் முனையை பாருங்கள். கரையானும் ஈரமும் முதலில் பிடிப்பது அங்கேதான்.

செலவு யார் தலையில்?

கடைக்காரருக்கும் ஓனருக்கும் சண்டை வருவது இங்கேதான். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகை சட்டப்படி, வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் தவிர மற்ற கட்டமைப்பு பழுதை ஓனர்தான் பார்க்கணும். எனவே வாயால் சொல்லிவிட்டு சும்மா இருக்காமல், போட்டோவோடு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு தோதான காலம் பங்குனி, சித்திரை வெயில்தான். முடிந்ததும் குழாய் வாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டி பார்த்துவிட்டு, சொட்டு இல்லை என்ற பிறகே மீதி கூலியை கொடுங்கள். ஐப்பசியில் பக்கெட் தேடுவதை விட இது எவ்வளவோ மேல்!