காவிரிப் படுகையின் ஊர்க் கபடிக் குழுக்கள்

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் கபடி, ஊர்க் குழுக்களால் வளர்ந்த விளையாட்டு ஆகும். சடுகுடு என்னும் பழைய பெயரை முதியோர் இன்னும் விடவில்லை. இக்குழுக்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் கட்டடமோ நிலையான வருமானமோ கிடையாது. இருந்தும் பல குழுக்கள் தலைமுறை கடந்து நிற்கின்றன.

செலவு குறைவு என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மட்டை, வலை எதுவும் வேண்டாம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் மண் தரை போதும். ஆனால் இது பாதிக் காரணம்தான். கிட்டிப்புள்ளுக்கும் செலவில்லை, அது பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மற்றொரு காரணம் பாசன நாட்காட்டி. மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது பின்னர் மரபாயிற்று. சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் வயல் காலியாகிறது, இளைஞருக்கு வேலை ஓய்கிறது, நெல் விற்ற பணமும் வீட்டில் இருக்கிறது. பொங்கலில் தொடங்கிக் கோடைத் திருவிழாக்கள் வரை போட்டிகள் நடப்பது இதனால்தான். நுழைவுக் கட்டணம், மறைந்த உறவினர் பெயரில் ஒரு குடும்பம் தரும் நினைவுக் கோப்பை, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பழைய ஆட்டக்காரர் அனுப்பும் தொகை ஆகியவை சேர்ந்துதான் ஒரு போட்டி நடக்கிறது. வரவு செலவை ஊரார் முன் படிக்கும் குழு நீடிக்கிறது. படிக்காத குழு உடைந்து, அதே தெருவில் வேறு பெயரில் மறுபடி தொடங்குகிறது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12-இல் அணை திறக்கப்படவில்லை. குறுவை இல்லாத ஆண்டில் நன்கொடைச் சீட்டோடு வீடு ஏறுவது எளிதன்று.

அத்தகைய காலங்களிலும் பிள்ளைகளை ஆடுகளத்துக்கு அனுப்ப வைப்பது வேலை வாய்ப்பு. ரயில்வே, காவல்துறை அணிகள் ஆட்டக்காரர்களைப் பணியில் சேர்க்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உள்ளது. வேலை பெற்றவர் விடுமுறையில் ஊருக்கு வந்து இளையோருக்குப் பிடி கற்றுத் தருவார். குழுவின் சம்பளமில்லாத பயிற்சியாளர் அவர்தான்.

திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் ஆடினார்; அதே ஆண்டு புரோ கபடியில் பாட்னா அணித் தலைவராகவும் பட்டம் வென்றார். மன்னார்குடி வட்டத்தில், பறவைகள் சரணாலய ஏரிக்குப் பெயர்பெற்ற வடுவூரைச் சேர்ந்தவர் அபினேஷ். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இவர் இடம்பெற்றார்.

பெரிய போட்டிகள் இப்போது செயற்கை விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலில் பழகியவர், காலணியுடன் விரிப்பில் திரும்பும் விதத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அறுவடை முடிந்த வயல் செலவின்றிக் கிடைக்கும். விரிப்பை வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்க முடியாது. அதற்குக் கூரை வேண்டும், கூரைக்கு நிலம் வேண்டும். மூன்று போகம் விளைந்த மண்ணில் அந்த நிலத்தைக் கேட்பதுதான் இன்று குழுக்களுக்குக் கடினமான வேலை.