ரப்பர் வட்டாரத்தில் உணவுக்குழாய்ச் சுருக்கம்: எக்ஸ்-ரே வழிகாட்டும் எண்டோஸ்கோப்பிச் சிகிச்சையின் வரலாறு

முன்னுரை

குமரி மாவட்டம் குலசேகரத்தைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களில் ரப்பர் ஷீட் தயாரிப்பது பல வீடுகளில் அன்றாட வேலை. அதிகாலையில் வெட்டிச் சேர்த்த பாலில் தண்ணீரும் நீர்த்த ஃபார்மிக் அமிலமும் கலந்து உறைய வைக்கிறார்கள். உறைந்ததை ரோலரில் அழுத்தி உலர்த்துகிறார்கள். இங்கே வெறுமனே 'ஆசிட்' என்றால் பெரும்பாலும் இந்த அமிலம்தான். தவறுதலாகவோ மனம் உடைந்த வேளையிலோ அது உள்ளே போய்விட்டால், உயிர் தப்பியவருக்கும் உணவுக்குழாய் புண்ணாகி, ஆறும்போது தழும்பேறிச் சுருங்கக்கூடும். அண்டையிலுள்ள கேரள ரப்பர் பகுதியில் இந்த நஞ்சுக்கு ஆளான 53 பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1985இலேயே வெளிவந்தது.

அந்தச் சுருக்கத்தை விரிக்கும் சிகிச்சைக்குள் எக்ஸ்-ரே எப்படி வந்தது, எண்டோஸ்கோப்பி வளர்ந்த பிறகும் ஏன் நிலைத்திருக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. எண்டோஸ்கோப்பின் பார்வை முடியும் இடத்திலிருந்து எக்ஸ்-ரேயின் வேலை தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு அறைகள்

1895 நவம்பர் 8 அன்று ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே ஹார்வர்டில் முதலாண்டு மருத்துவ மாணவராக இருந்த வால்ட்டர் கேனன், வாத்து இனப் பறவை விழுங்கும் இரை உணவுக்குழாயில் இறங்குவதை ஒளிர்திரையில் பார்த்தார். முதலில் பிஸ்மத் உப்புகளும், 1910 முதல் பேரியம் சல்பேட்டும் உணவுக்குழாயின் வடிவத்தைப் படமாக்கின. சுருக்கம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எத்தனை இடத்தில் என்று அறுவையின்றியே சொல்ல முடிந்தது. ஆனால் திரையின் ஒளி மிக மங்கல். மருத்துவர் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அந்த இருட்டில் சிகிச்சை செய்வது கடினம்.

குழாய்க்குள் நேராகப் பார்க்கும் முயற்சி அதற்கும் மூத்தது. 1868இல் ஜெர்மனியின் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவருக்குள் நீண்ட உலோகக் குழலைச் செலுத்திக் காட்டினார். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் இத்தகைய குழல்நோக்கியைத் தேர்ந்த கருவியாக்கினார். வீட்டிலிருந்த அரிக்கும் காரப் பொருளை விழுங்கிய பிள்ளைகள் அவரிடம் திரளாக வந்தனர். சிகிச்சையோடு நில்லாமல், அரிக்கும் பொருள்களின் கொள்கலத்தில் எச்சரிக்கைச் சீட்டு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1927இல் அதற்கான கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது.

தமிழ்ப் பகுதியில் 1934இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. குலசேகரத்துக்குத் தெற்கே நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டி. ஹோவர்டு சாமர்வெல் தென் திருவிதாங்கூரில் மலிந்திருந்த முன்சிறுகுடல் புண்ணுக்கு அறுவை செய்துவந்தார். உணவுப்பாதை நோய்களை அறுவைக்கு முன் உறுதிசெய்ய அக்காலத்தில் பேரியம் படமே முதன்மையான வழி. படம் எடுப்பவரும் சிகிச்சை செய்பவரும் இன்னும் வெவ்வேறு அறைகளில்தான் இருந்தார்கள்.

காணாமல் விரித்த காலம்

சுருக்கத்தை உள்ளிருந்து விரிக்கும் எண்ணம் மிகப் பழையது. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674இல், நுனியில் கடற்பஞ்சு கட்டிய திமிங்கல எலும்புக் கோலால் உணவுக்குழாயின் கீழ்வாயைத் திறந்த கதையைப் பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டில் பாதரசம் நிரப்பிய ரப்பர் குழல்கள் தம் எடையாலேயே கீழிறங்கி வழியை விரித்தன. நேரான, குட்டையான சுருக்கத்துக்கு அவை போதும். வளைந்து நெளிந்த சுருக்கத்தில் குழல் எங்கே முட்டுகிறது என்று தெரியாது; சுவரைத் துளைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைத் தவிர்க்கத்தான் மேயோ மருத்துவமனையின் ஹென்றி பிளம்மர், நோயாளியை முன்கூட்டியே பட்டு நூலை விழுங்கச் செய்து, அந்த நூல் வழியே விரிப்பானைச் செலுத்தினார்.

கம்பியில் நேர்ந்த சந்திப்பு

1948இல் ஜான் கோல்ட்மன் உருவாக்கிய பிம்பப் பெருக்கி, எக்ஸ்-ரே பிம்பத்தை இருட்டறையிலிருந்து விடுவித்தது. பின்னர் அது தொலைக்காட்சித் திரைக்கு மாறியதும், கை வேலை செய்யும்போதே கண் பார்க்க முடிந்தது. 1954இல் இயற்பியலர்களான ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றையால் பிம்பம் கடத்துவதை 'நேச்சர்' இதழில் விளக்கினர். 1957இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இரு பார்வைகளையும் இணைத்தது மெல்லிய வழிகாட்டிக் கம்பி. எண்டோஸ்கோப் சுருக்கத்தின் மேல்வாயைக் காட்டும். பெரியவர்களுக்கான கருவி சுமார் 1 செ.மீ. தடிமன் என்பதால் அதற்குள் நுழையாது. கருவியின் வழியே விடப்படும் கம்பி சுருக்கத்தைக் கடந்து இரைப்பையில் சேர்ந்ததா, பக்கச் சுவரில் மடங்கியதா என்பதை எக்ஸ்-ரே திரைதான் சொல்லும். கம்பி சரியான இடத்தில் இருப்பது உறுதியான பின், 1980களில் பரவிய சவாரி (Savary) வகைக் குழல்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அதன் மேல் செலுத்துவார்கள்.

இரத்தக்குழாய்க்கென கிரன்ட்சிக் வடிவமைத்த பலூன் உத்தி 1981இல் உணவுக்குழாய்ச் சுருக்கத்துக்கும் வந்தது. கதிர் ஊடுருவாத திரவம் நிரப்பிய பலூன் திரையில் இடுங்கிய இடையோடு தெரியும். இடை மறைந்தால் சுருக்கம் விரிந்தது என்று பொருள். ஒரே அமர்வில் பேராசை கூடாது. சிறிது சிறிதாக, பல அமர்வுகளில் விரிக்க வேண்டும்.

சண்டிகரின் பங்களிப்பு

அமிலம் உணவுக்குழாயைப் பெரிதும் தப்பவிட்டு இரைப்பையைத்தான் கெடுக்கும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் ஸர்கர், கோச்சர் முதலியோர் அமிலம் உட்கொண்ட 41 பேரை ஆராய்ந்து, பெரும்பாலோருக்கு உணவுக்குழாயும் புண்படுவதை 1989இல் காட்டினர். 1991இல் அக்குழு வகுத்த புண் தரவரிசை உலகெங்கும் பயன்படுகிறது. ஆழமான புண் உள்ளவரே பின்னாளில் சுருக்கத்துக்கு ஆளாகிறார் என்பதால், யாரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதை அந்த வரிசை சொல்லிவிடுகிறது.

குலசேகரத்தின் நிலை

இன்று குட்டையான, நேரான சுருக்கங்களை எண்டோஸ்கோப் வழியே செல்லும் பலூனால் நேரில் பார்த்தே விரிக்கிறார்கள், பொதுவாக எக்ஸ்-ரே தேவைப்படுவதில்லை. அரிக்கும் பொருளால் வரும் சுருக்கம் வேறு மாதிரி: நீளமானது, வளைந்தது, சிலருக்குப் பல இடங்களில். இங்கே எக்ஸ்-ரே துணை இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே ரப்பர் வட்டாரத்தில், சிகிச்சையின்போதே எக்ஸ்-ரே பிம்பம் காட்டும் சி-ஆர்ம் எந்திரம் பழைய நுட்பத்தின் மிச்சம் ஆகாது.

1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியே, 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும் இப்பகுதியினர் பலருக்குப் புகலிடம். 2000களில் ஆசாரிப்பள்ளத்திலும் குலசேகரத்திலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டிய சிகிச்சையில் தூரம் என்பது நாள்கூலியை இழப்பது. இழப்புக்கு அஞ்சி இடையில் நிறுத்தினால் சுருக்கம் மீண்டும் இறுகும்.

எக்ஸ்-ரேக்குக் கதிர்த்தாக்கம் என்ற விலையும் உண்டு. 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்ப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பை விதித்துள்ளது. ஈய அங்கி, விட்டுவிட்டுப் பாய்ச்சும் கதிர், தேவையான நொடிகளில் மட்டும் மிதியை அழுத்துதல் ஆகியவை அந்த வரம்பைக் காக்கின்றன.

முடிவுரை

ஒளிர்திரை, இழைநோக்கி, கம்பி, பலூன் என்று வளர்ந்த இவ்வரலாற்றில் ஒவ்வொரு கருவியும் முந்தையது காணாத இடத்தை நிரப்பியது. ஆயினும் இவை எல்லாம் தழும்பு ஏறிய பிறகு வருபவை. விரிக்கும் கலையில் தேர்ந்த ஜாக்சனே சட்டத்துக்காகப் போராடியது அதனால்தான். ரப்பர் வட்டாரத்திலும் அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காமை, தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கைச் சீட்டு, பூட்டி வைக்கும் இடம், மனநல உதவி ஆகியவற்றை இச்சிகிச்சையின் முதல் படியாகவே கொள்ள வேண்டும்.