லேகியம் வந்த வழியே ஊசி

உடம்பைக் குறைக்கும் ஊசிக்குக் கைப்பேசியில் விலை விசாரிப்பது புதுப் பழக்கம். ஆனால் வைத்தியர் முகம் பாராமல் தொலைவூரிலிருந்து மருந்து வரவழைப்பது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது 1877-இல். பொட்டலம் வாசலுக்கு வரும். தபால்காரர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். அப்போது தாது வருஷப் பஞ்சத்தில் ஆற்காட்டுச் சீமை எலும்பும் தோலுமாகக் கிடந்தது. அதற்குப் பின் வந்த பத்திரிகைகளிலும் பஞ்சாங்கங்களிலும் தபால் மருந்து விளம்பரங்கள் தாதுபுஷ்டி லேகியங்களை விற்றன. (இரண்டு ‘தாது’வும் வேறு வேறு, பொருத்தம் மட்டும் விநோதம்.) சென்னையில் பண்டித டி. கோபாலாசார்லுவின் ஜீவாமிர்தம் பேர்பெற்றிருந்தது. எஸ்.எஸ். வாசனே 1928-இல் ஆனந்த விகடனை வாங்குமுன் தபால்வழி வியாபாரமும் விளம்பர ஏஜென்சியும் நடத்தியவர். பட்டணத்து மருந்து கடைக்கோடிக்கும் போனதற்கு விளம்பரமும் வி.பி.பி.யும்தான் காரணம். அன்று சதை போட மருந்து, இன்று சதை கரைய மருந்து. சரக்கு தலைகீழானாலும் வியாபாரத்தின் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது: வாங்குபவருக்குத் தெரிவது புட்டியின் விலையும் தபால் செலவும். சாப்பிட்ட பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. தொலைவிலிருந்து வரும் மருந்தின் உண்மையான விலை அந்த ஆளைச் சேர்த்தால்தான் தெரியும் என்பது என் வாதம்.

அரசு இந்த வியாபாரத்தைக் கவனிக்காமல் இருக்கவில்லை. கவனம் போன திசைதான் வேறு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று பட்டியலிட்டது. உடற்பருமனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் அடைத்தது விளம்பரத்தின் வாயைத்தான்; மருந்து வாங்கியவரைப் பின்தொடர ஒருவரை அது ஏற்படுத்தவில்லை. மருத்துவரைத் தொலைவோடு சேர்த்துக் கட்டிய விதி 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்தான். இடையில் 2018-இல் இணைய மருந்துக்கடைகளுக்கான வரைவு விதிகள் வெளியாயின. அதே ஆண்டு டிசம்பரில், மருந்து வணிகர் சங்கத்தின் மனுவில், விதிகள் வரும்வரை இணைய விற்பனை கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வரைவோ ஆண்டுக்கணக்கில் வரைவாகவே இழுபட்டது.

இந்த இழுபறிக்கு நடுவே வந்தவைதான் ஊசிகள். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. ஜூனில் வந்த வெகோவியின் தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாய். நவம்பரிலேயே 10,850-க்கு இறக்கப்பட்டது. அதன் மூலப்பொருளான செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். ஆகவே விலைக் கணக்கெல்லாம் வீண், எல்லாம் மலிந்துவிடும் என்பவர்கள் உண்டு. ஊசி மலியும், சரி. அப்போது இணைய நிறுவனங்கள் வாங்கும் மாதச் சந்தாவில் மருத்துவர், உணவு ஆலோசகர், குளிர்பெட்டிப் போக்குவரத்து இவற்றின் பங்குதான் பெரிதாகும். கணக்கிட வேண்டியதும் அதுவே. வெகோவியின் அளவை நாலு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, முழு அளவுக்கு வர 16 வாரம் பிடிக்கும். நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பொட்டலத்தோடு முடிகிற சங்கதி அல்ல இது.

இன்னொரு மறுப்பு கனமானது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் ஒருவர் சிறப்பு மருத்துவரைத் தேடி வேலூருக்கோ சென்னைக்கோ போனால் பஸ் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போகும். திரையில் பார்த்தால் இரண்டும் மிச்சம். அக்கம்பக்கத்துக் கண்ணிலிருந்தும் தப்பலாம். ‘ரகசியம் காக்கப்படும்’ என்ற பழைய விளம்பர வாசகத்தின் பலமே அதுதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இத்தனை பேருக்கும் ஊரூராகச் சிறப்பு மருத்துவர் கிடைக்கப்போவதில்லை. ஆகவே முதல் ஆலோசனை திரையில் நடப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாந்தி நிற்காதபோதும், பித்தப்பையோ கணையமோ வலிக்கும்போதும், வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். வேங்கிக்கால்காரருக்கு அந்தக் கை தொலைவில் இல்லை. திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2013-இலேயே வந்துவிட்டது. புறநோயாளிச் சீட்டுக்குக் காசில்லை. அங்கே காட்டும்போது நீட்டுவதற்கு, எந்த அளவு எந்தத் தேதியில் போடப்பட்டது என்று எழுதிய தாளைத் தருகிற நிறுவனம் மாதம் ஆயிரம் கூடுதலாகக் கேட்டாலும் மலிவுதான். தராத நிறுவனம் பாதி விலைக்கு விற்றாலும் அது பழைய வி.பி.பி. பொட்டலமே.